பாஞ்செவாட்ஸும் த்னெவ்னிக்கும்: எது மூத்தது?

செர்பிய மொழியில் நெடுங்காலமாக வெளிவரும் வட்டார இதழ்களில் பாஞ்செவோ நகரின் 'பாஞ்செவாட்ஸ்' வார இதழையும் நோவி சாத் நகரின் 'த்னெவ்னிக்' நாளிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வயதை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

'பாஞ்செவோக்காரர்' என்று பொருள்படும் பாஞ்செவாட்ஸை, அந்நகர் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்த 1869-இல் யோவன் பாவ்லோவிச் தொடங்கினார். ஏட்டின் அளவு சிறிதெனினும், கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் செர்பிய மொழிபெயர்ப்பு 1871-இல் அதில்தான் அச்சேறியது. ஆனால் அந்த இதழ் நின்றுபோய், பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அதே பெயரில் மீண்டும் வெளிவந்தது.

த்னெவ்னிக்கோ 1942 நவம்பரில், ஹங்கேரிய ஆக்கிரமிப்பின்கீழ், 'ஸ்லோபொத்னா வொய்வொதினா' (சுதந்திர வொய்வொதினா; வொய்வொதினா என்பது இவ்விரு நகரங்களும் உள்ள வட செர்பியப் பகுதி) என்ற தலைமறைவு ஏடாகப் பிறந்தது. அதன் ஆசிரியர் ஸ்வெதோசார் மார்கோவிச் தோசா சில மாதங்களிலேயே, 1943 பிப்ரவரியில், நோவி சாதில் தூக்கிலிடப்பட்டார். ஏடோ பிழைத்து, 1953-இல் 'நாளேடு' என்று பொருள்படும் 'த்னெவ்னிக்' என்னும் சாதுவான பெயருக்கு மாறியது.

பெயரின் பழமைக்குப் பாஞ்செவாட்ஸ் என்றாலும், இடைவெளியின்றித் தொடர்ந்ததற்கு த்னெவ்னிக்கையே நான் முன்வைப்பேன்.