பள்ளி நீச்சல் வகுப்புக்குக் கிக்போர்டு: வாங்கலாம், முதல் நாளே கொடுக்கக் கூடாது

நீச்சல் வகுப்பு தொடங்கும் பள்ளிகள் முதலில் வாங்கும் சாமான்களில் ஒன்று கிக்போர்டு, அதாவது கையால் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகும் மிதவைப் பலகை. ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரையில் செய்த பலகை தண்ணீரை உறிஞ்சாது, கனமில்லை, பிள்ளைகள் தூக்கிப் போட்டாலும் தாங்கும். காற்றடைத்த கைப்பட்டைகளைவிட எவ்வளவோ மேல். அவை உடம்பை நெட்டுக்குத்தலாக நிறுத்திவிடும். பலகையோ உடம்பைப் படுக்க வைக்கப் பார்க்கும்.

குறை பலகையில் இல்லை, கொடுக்கும் நேரத்தில் இருக்கிறது. தண்ணீருக்குப் பழகாத பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைத் தூக்கும். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் கால் சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலில் மடங்கும். எவ்வளவு உதைத்தாலும் நகராது. இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

பலகையைத் தொடுமுன் மூன்று விஷயங்கள் வந்திருக்க வேண்டும். முகத்தை முக்கிக் குமிழி விடுவது. மூச்சை இழுத்துக் கவிழ்ந்து 5 நொடி மிதந்து, முழங்காலை வயிற்றுக்கு இழுத்து, கையால் தண்ணீரை அழுத்தி எழுந்து நிற்பது. சுவரை உதைத்து, கைகளைக் காதோடு ஒட்டி 3 மீட்டராவது சறுக்குவது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இரண்டாவதன் பின்பாதியை. மிதக்க முடியாது என்பதைவிட, எழுந்து நிற்க முடியாது என்ற பயம்தான் பிள்ளையை இறுக வைக்கிறது.

அளவும் முக்கியம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுமார் 30 செ.மீ. நீளம் போதும். பெரியவர்களுக்கான 45 செ.மீ. பலகை மார்பைத் தூக்கிக் காலை அமிழ்த்தும். பிடி தன் பக்கத்து விளிம்பில், முழங்கை மடங்காமல், முகம் தண்ணீருக்குள். உதை தொடையிலிருந்து வரவேண்டும், கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். 6 உதைக்கு ஒரு மூச்சு எடுத்தால் ஆரம்பத்துக்கு நல்லது.

20 பேர் வகுப்புக்கு 10 பலகை போதும்: பாதிப் பேர் உதைக்கட்டும், மீதிப் பேர் சுவரோரம் குமிழி விடட்டும். வகுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் நுரை மொரமொரத்து உதிரும். இது உயிர்காப்புச் சாதனம் அல்ல, கையிலிருந்து நழுவினால் அவ்வளவுதான். ஆகவே, மார்பளவுக்கு மேல் ஆழமான இடத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து அனுப்பவே கூடாது.

ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் பலகையை வாங்கி வைத்துவிட்டுச் சோதியுங்கள். பலகையோடு 10 மீட்டர் போகும் பிள்ளை அது இல்லாமல் 5 மீட்டர்கூடப் போகவில்லையென்றால், அடுத்த வகுப்பைச் சறுக்கலிலிருந்து தொடங்குங்கள்.