கொறங்காட்டுக்கு எந்தத் தேனீ?

பங்குனி வந்தால், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை நம்பியிருக்கும் எங்கள் பக்கம் வேலை ஓய்ந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் காய்ந்துவிட்டது, உழவும் இல்லை, அப்புறம் என்ன வேலை என்று கேட்பார்கள். குட்டிகள் பால் மறக்கும் நேரம் அது. வெள்வேல் நெற்று தேடிப்போன செம்மறிகள் தாகத்தோடு திரும்பும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் பயம். கிணறும் இறங்கிக்கொண்டே போகும். இந்த நெருக்கடியில் தேனீயும் வளர்ப்பதென்றால், எது நம்மைக் குறைவாக வேலை வாங்கும் என்பதுதான் என் முதல் கேள்வி. எத்தனை கிலோ தேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிலோ கணக்கில் இத்தாலியத் தேனீயை அடிக்க முடியாது. 1960களில் இமாசலத்து நக்ரோட்டா பக்வானில் காலூன்றி, பிறகு நாடெங்கும் பரவிய தேனீ இது. அடை கட்ட 10 மரச்சட்டம் கொண்ட பெரிய பெட்டியில் நன்றாக வளர்ந்த கூட்டம் ஆண்டுக்கு 25 கிலோவுக்கு மேலும் கொடுக்கும். ஆனால் அது பூ இருக்கும் ஊருக்கெல்லாம் பெட்டிகளை லாரியில் ஏற்றிப் போகிறவர் கணக்கு. ஆட்டையும் கோழியையும் விட்டுவிட்டு நம்மில் யார் லாரி ஏறுவது? ஒரே இடத்தில் வைத்திருந்தால் கோடையில் அந்தப் பெரிய கூட்டத்துக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றியே கை ஓய்ந்துவிடும். தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் வரோவா உண்ணிக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருக்க வேண்டும்.

இந்தியத் தேனீக்கும் அந்த உண்ணிக்கும் பழக்கம் நெடுங்காலத்தது. உடம்பில் ஏறிய உண்ணியைத் தானே தட்டிவிடும், கடித்தும் எறியும். அதற்காக நோயே வராத தேனீ என்று சொல்ல வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் ஏராளமான பெட்டிகளைக் காலி செய்தது. இந்தியத் தேனீயின் இன்னொரு குறை, கோபித்துக்கொண்டு ஓடிவிடுவது. வெயில், எறும்பு, அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி, தண்ணீர்ப் பஞ்சம் என ஏதாவது ஒன்று பொறுக்காமல் போனால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். போன சித்திரையில் இரண்டு நாள் நான் தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்குள் வெறும் அடைதான் இருந்தது. தப்பு என்னுடையதுதான்.

தேன் என்று பார்த்தால் பெட்டிக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ. மார்த்தாண்டத்துக்காரர்கள் இதே தேனீயை வைத்து இன்னும் அதிகம் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அதுதான் அவர்களின் தேன் பருவம். நமக்கோ மூலனூர்ப் பக்கத்து முருங்கையும், அதை அடுத்துப் பூக்கும் வேம்பும்தான். வேப்பம்பூ உதிர்ந்த பிறகு பெரிதாக எதுவும் கிடையாது. அதனால் தேன் அறையை முழுக்க வழித்தெடுக்காமல் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

மூன்றாவது, கொசுபோலச் சிறிய கொசுத் தேனீ. அது கொட்டாது. சுவர்ப் பொந்து, மூங்கில், மண் கலயம் என்று எங்கே வைத்தாலும் இருந்துகொள்ளும். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் தேன் அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது, புளிப்பும் இருக்கும், ஆனால் நல்ல விலை போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். பெட்டியைத் திறந்து பார்க்கும் சுகம் மட்டும் இதில் இல்லை.

ஆடு மாடு இருக்கும் இடத்தில் பெரிய தகராறு தண்ணீர்த் தொட்டியில்தான் வரும். கூட்டுக்குள் புழுக்கள் இருக்கும் இடத்தைத் தேனீ ஏறக்குறைய 35 டிகிரியில் வைத்திருக்கும். வெளியே அதைத் தாண்டிக் கொதித்தால் தண்ணீர் சுமந்து வந்து தெளித்துச் சிறகால் விசிறும். பக்கத்தில் இருப்பது ஆட்டுத் தொட்டி என்றால் அங்கேயே மொய்க்கும். வாய் வைக்கும் ஆடு உதட்டில் கொட்டு வாங்கும். இத்தாலியக் கூட்டம் பெரியது என்பதால் மொய்ப்பதும் அதிகம். ஒருமுறை பழகிய தொட்டியை விட்டுத் தேனீயைத் திருப்புவது சிரமம். எனவே பெட்டி வைக்கிற அன்றைக்கே அருகில் தனியாக ஒரு சட்டியில் கூழாங்கல் போட்டு, கல் பாதி முங்கத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பெட்டி எந்தத் தேனீயுடையதானாலும் சரி, அதன் வாசல் எதிரே ஆட்டைக் கட்டவே கூடாது. அவிழ்த்துவிட்ட ஆடு ஓடித் தப்பித்துவிடும், கட்டிப்போட்ட ஆடு எங்கே போகும்?

கோழிக்கும் தேனீக்கும் சண்டையே இல்லை. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கொட்டும் மெழுகுப் பூச்சிப் புழுவுக்காக என்னைச் சுற்றியே நிற்கும்.

இப்போது என்னிடம் வேப்பமரத்தடியில் இரண்டு இந்தியத் தேனீப் பெட்டிகள், மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு கொசுத் தேனீக் கலயம். பெட்டிக் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கிண்ணங்களையும் கூழாங்கல் சட்டியையும் காலையில் ஆட்டுத் தொட்டியை நிரப்பும் அதே குடத்தால்தான் நிரப்புகிறேன். தனியாக ஒரு நடை நடந்தால் மறந்துவிடுவேன் என்று போன வருஷமே தெரிந்துவிட்டது.