பாம்புக்கூட்டு ஹீட்டரில் நாலு மாரியாக ஊர்க்கோழிக் குஞ்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாம்பு வளர்ப்பது நான் இல்லை, லண்டனில் இருக்கும் என் மச்சான். மேற்கு ஆபிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு வகை, ball python என்பார்கள், ஒன்று அவன் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். 2021 கடைசியில் ஊருக்கு வந்தபோது அந்தப் பெட்டிக்கு வாங்கி மிஞ்சிய பீங்கான் ஹீட்டர் ஒன்றைச் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். பார்க்கப் பல்பு மாதிரித்தான், ஸ்க்ரூ அடி, 100 வாட். ஆனால் வெளிச்சம் ஒரு பொட்டும் வராது, சூடு மட்டும்தான். அன்றிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வளவில் அதில் குளிர்காய்வது ஊர்க்கோழிக் குஞ்சுகள்.

மட்டக்களப்பு வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்கிறவர்கள் மாரியில் ஒரு இரவு எங்கள் கொட்டிலில் வந்து நிற்கவேண்டும். ஒரு நாள் குஞ்சுக்கு முதல் கிழமை 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு போகலாம். மழையும் வாடைக் காற்றும் சேர்ந்தால் கொட்டிலுக்குள் அதற்குப் பத்து டிகிரி கீழேதான் இருக்கும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் வடக்கு கிழக்கில் வளர்ந்த மாடுகளே கூதலில் விறைத்துச் செத்தன, கையளவு குஞ்சு எம்மாத்திரம்.

இதற்கு முன்னம் 100 வாட் மஞ்சள் பல்புதான் போட்டு வந்தேன். இப்போது கடையில் கேட்டால் எல்.ஈ.டி.யைத்தான் நீட்டுகிறார்கள், அதில் குஞ்சு காயும் அளவுக்குச் சூடு எங்கே வருகிறது? மஞ்சள் பல்பிலும் ஒரு தொல்லை இருந்தது. இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் குஞ்சுகள் உறங்காமல் ஒன்றின் வாலை ஒன்று கொத்திப் புண்ணாக்கும். பீங்கான் வந்தபிறகு அது வெகுவாகக் குறைந்தது. முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் தீனும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரிய ஒரு சின்ன எல்.ஈ.டி. போட்டுவிடுவேன்.

சரி, ஹீட்டர் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வாங்கி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் கொட்டில் பற்றி எரிந்தாலும் ஆச்சரியமில்லை. எரியும்போது அதன் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் போடவேண்டும். வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டவேண்டும், அதுவும் இரண்டு இடத்தில், ஒன்று அறுந்தாலும் கீழே கிடக்கும் உமியில் விழக்கூடாது. சுற்றிவரக் கம்பிக்கூடு. பாம்பு ஹீட்டரில் சுற்றிக்கொண்டு வெந்துபோகும் என்று மச்சான் அந்தக் கூட்டையும் தந்திருந்தான், எனக்கு ஏன் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் கிழமையில் குஞ்சுகள் பறந்து ஏறப் பார்த்தபோதுதான் விளங்கியது.

தெர்மோஸ்டாட் இங்கேயே வாங்கினேன், எஸ்.டி.சி 1000 என்ற வகை. 33 என்று வைத்தால் 32க்கு இறங்கியதும் ஹீட்டரைப் போட்டு 33இல் நிறுத்தும். நாலு வருஷத்தில் ஒரு முறைதான் மாற்றினேன், ஈரம் ஏறி எண்கள் மங்கிவிட்டன. இப்போது ஒரு தயிர்ச்சட்டியைக் கவிழ்த்து அதற்குள் தொங்கவிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

பிழை நடந்தது அதன் சென்சரில், அதாவது சூட்டை அளக்கும் வயர் முனையில். இரண்டாம் வருஷம், விடிய நாலரை மணி இருக்கும், குஞ்சுகளின் சத்தம் வழமைக்கு மாறாக இருந்ததால் எழும்பிப் போனேன். எல்லாம் சுற்றி அடைப்பாக நிறுத்திய தகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, செட்டையை விரித்து, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. ஹீட்டருக்கு நேர்கீழே நாலு செத்துக் கிடந்தன. சென்சர் வயரைக் குஞ்சுகள் கிண்டி இழுத்ததில் அதன் முனை தகரத்துக்கு வெளியே ஈர மண்ணில் கிடந்தது. மண் 25 டிகிரி என்றால் தெர்மோஸ்டாட் என்ன செய்யும், பாவம், இன்னும் சூடு வேண்டும் என்று விடாமல் எரித்திருக்கிறது. மச்சானுக்குச் சொன்னேன். "பாம்புக்காரர் எல்லாரும் முதலில் விடுற பிழை இதுதான் மச்சான், எங்கட ஆள் வயிறு வெந்தாலும் சூட்டை விட்டு எழும்பாது, உன்ட குஞ்சாவது ஓடுது" என்றான். இப்போது சென்சரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் ஒரு கம்பில் வைத்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிவிடுகிறேன், பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றும் தொங்குகிறது. அவன் சொல்லித்தான் ஹீட்டரை நடுவில் இருந்து ஒரு பக்கமாக நகர்த்தினேன், சூடு கூடினால் விலகிப் போக மறுபக்கம் இருக்கட்டும் என்று. அவனுடைய பெட்டியில் ஒரு முனை 32, மறுமுனை 26.

கரண்ட் போனால் இது வெறும் பீங்கான் துண்டு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பிப் பழைய துணி சுற்றி நடுவில் வைத்து, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு குஞ்சும் சாகவில்லை, ஆனால் நாங்கள் அரை உயிராகிவிட்டோம். கரிச்சட்டி வைக்கலாம் என்பார்கள், மூடிய கொட்டிலுக்குள் அந்தப் புகை வேண்டாம்.

கனடாவில் இருந்து யாராவது இதே ஹீட்டரை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 100 வாட் சாமானை இங்கே செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூட்டை இழுத்து அதோடு முடிந்துவிடும். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங் வீட்டிலும் முதலில் அதைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

போன தை மாதம் ஒரு இரவு டோர்ச் அடித்துப் பார்த்தால், ஹீட்டர் பக்கத்துத் தகரத்தின் வெளிப்புறத்தில் சாரை ஒன்று முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்தது. தடியால் தட்டியதும் வேலிக்குள் போய்விட்டது. அன்றிரவே கால் அங்குலக் கண் வலையைத் தேடி எடுத்து மேலேயும் சுற்றியும் அடித்தேன். படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். குஞ்சு எத்தனை மிச்சம் என்று கேட்பான் என்று பார்த்தால், "அந்தத் தகரத்தில சூடு எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்டான்.