காலை வெயில் பாத்திக்கு வாங்கிய ஆறு செடிகள்: ஒரு வருடம் கழித்து

வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பாத்தி இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வெயில் விழ ஆரம்பித்தால் பதினொன்றரை வரை இருக்கும், அப்புறம் வீட்டு நிழல் இறங்கிவிடும், இருட்டும் வரை நிழல்தான். அந்த இடத்துக்காக ஆன்லைன் நர்சரி ஒன்றில் ‘பாதி நிழல் தொகுப்பு’ என்று போட்டிருந்த ஆறு கன்றுகளை வாங்கினேன். ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா, கோலியஸ், பிகோனியா, சிறு ரக ரோஜா, லாவெண்டர். எல்லாப் பருவத்தையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஒரு வருடம் காத்திருந்தேன்.

கன்றுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேர்கள் வெள்ளையாக, தொட்டிக்குள் சுருண்டு இறுகாமல் இருந்தன, மண்ணும் சிதறவில்லை.

என் குறை முழுக்க லேபிள் மேல்தான். ஆறிலும் அதே பாதி கறுத்த சூரியப் படம், கீழே ‘3 முதல் 6 மணி நேர வெயில்’. எந்த மணி நேரம் என்று ஒரு வார்த்தை கிடையாது. காலையில் நான்கு மணி நேரம் வாங்கும் வெயிலும் பிற்பகலில் நான்கு மணி நேரம் வாங்கும் வெயிலும் செடிக்கு ஒன்றே இல்லை. சூரியன் அதே உயரத்தில் நின்றாலும் காலையில் காற்றும் மண்ணும் சுவரும் இரவுக் குளிர்ச்சியோடு இருக்கும், செடியும் இரவெல்லாம் தண்ணீர் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாமே சூடேறிக் கிடக்கும், காற்றில் ஈரப்பதம் குறைந்திருக்கும், வேர் உறிஞ்சுவதை முந்திக்கொண்டு இலை தண்ணீரை இழந்துவிடும். ஓரம் கருகுவது அப்போதுதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பாதி நிழல் என்று மட்டும் எழுதினால் மேற்குப் பக்கத்தில் நட்டவர் ஃபியூஷியாவை இழந்துவிடுவார், தப்பு தன்னுடையது என்று வேறு நினைத்துக்கொள்வார்.

சரி, ஒவ்வொன்றாக.

ஹைட்ரேஞ்சியாவுக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம். இந்த மாதிரி இடம் அதற்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வெயில் ஏறிய நாளில் பத்து மணிக்கே இலைகள் துவண்டு தொங்கும், பார்த்தால் மனசு பதறும். நானும் முதல் மாதம் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், நிழல் வந்து சாயங்காலத்துக்குள் தானாக நிமிர்ந்துவிடும். விடிகாலையிலேயே துவண்டிருந்தால்தான் உண்மையான தாகம். இன்னொன்று, சுவர் ஓரத்து மண்ணில் மழை சரியாக விழாது, அதனால் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி நட்டு, மேலே காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள். லேபிளில் நீலப் பூ, எனக்கு வந்தது இளஞ்சிவப்பு. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மண் அமிலமாக இருந்தால் அலுமினியம் செடிக்குள் போய்ப் பூ நீலமாகும், காரமாக இருந்தால் சிவப்புப் பக்கம் போகும். அதை இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம் இல்லையா?

கோலியஸை வந்த அன்றே வெயிலில் நட்டது என் அவசரம். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்று அது, மூன்றாம் நாளே இலைகள் வெளுத்துப்போயின. ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கியிருக்க வேண்டும். புதிதாக வந்த இலைகளில் நிறம் அருமை. கும்மிருட்டு நிழலில் வைத்தால் இந்த நிறம் மங்கிப்போகும், இளவெயில் பட்டால்தான் இப்படிப் பளிச்சென்று வரும். பிகோனியா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வைத்ததிலிருந்து பூக்கிறது. ஃபியூஷியா நல்ல வெக்கையான வாரங்களில் மொட்டு உதிர்த்தது, குளிர்ந்ததும் மறுபடி பூத்தது.

ரோஜாவை நான் நம்பவே இல்லை, அதற்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும் என்பார்கள். பூ குறைவுதான், உண்மை. ஆனால் கரும்புள்ளி நோய் இந்த வருடம் கிட்டே வரவில்லை. இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பிடிக்கும் நோய் அது, இங்கே காலை வெயில் பட்டதும் பனி காய்ந்துவிடுகிறது. வெயில் குறைவான இடத்தில் ரோஜா வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கொஞ்ச வெயில் காலையில் வரும் இடமாகப் பாருங்கள்.

லாவெண்டரை இந்தத் தொகுப்பில் சேர்த்தது தவறு. நாள் முழுக்க வெயிலும் சீக்கிரம் காயும் மண்ணும் கேட்கும் செடி அது. முதலில் ஒல்லியாக நீண்டது, பிறகு அடியிலிருந்து அழுகியது. நர்சரிக்கு எழுதினேன், மறுப்பேதும் சொல்லாமல் மாற்றுச் செடி தருவதாகப் பதில் போட்டார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர்கள் நிரப்பச் சொன்ன படிவத்திலும் எத்தனை மணி நேர வெயில் என்ற கேள்விதான் இருந்தது. எந்த நேரம், எந்தத் திசை என்று நானாகவே கீழே எழுதி அனுப்பினேன்.

வாங்குகிறவர்கள் முதலில் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை போய் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள், சூரியன் போகும் பாதை மாறுவதால் என் பாத்தியிலேயே பருவத்துக்குப் பருவம் ஒரு மணி நேரம் கூடக் குறைய இருக்கிறது. கன்றுகளுக்கு ஐந்துக்கு நாலரை, லேபிளுக்கு இரண்டு.

மாற்றுச் செடி போன வாரம் வந்தது, இன்னொரு பிகோனியா. இப்போது ஜன்னல் ஓரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெயில் காட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.