அறைக்கு நிறம் சேர்க்க ஏஐ: பேச்சை நம்பலாம், படத்தை வேண்டாம்

சுவர், திரைச்சீலை, சோபா, விளக்கு என நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். ஒரே அறைக்குள் வந்ததும் முறைத்துக்கொள்ளும். அதனால் புகைப்படம் பார்த்துப் பதில் சொல்லும், படம் வரைந்தும் தரும் ஏஐ செயலி ஒன்றை இதற்கென்று பயன்படுத்தினேன். அதன் பேச்சுக்கு ஐந்தில் நான்கு தருவேன். படத்துக்கு ஒன்று, அதுவும் போனால் போகிறதென்று.

எனக்குப் பிடித்தது அது கேட்ட முதல் கேள்வி: அறையில் எதையெல்லாம் மாற்றவே முடியாது? செம்பழுப்புத் தரை, அம்மா தந்த தேக்கு அலமாரி என்றேன். சுவருக்கு நான் ஆசைப்பட்ட சாம்பல் நிறத்தில் லேசான நீலச் சாயல் இருக்கிறது, அந்தத் தரைக்குப் பக்கத்தில் அது இன்னும் நீலமாகத் தெரியும் என்றது. இது புதுச் சங்கதி இல்லை. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் போனது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். அந்த விதி என் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

அடுத்து பல்பைப் பற்றிக் கேட்டது. பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பு மஞ்சளாக எரியும், 6500 நீலம் கலந்த வெள்ளை. பகலில் ஒரே நிறமாகத் தெரியும் துணியும் பெயிண்ட்டும் இரவு விளக்கில் இரண்டாகப் பிரிந்து நிற்கக்கூடும். இரண்டிலும் சேர்ந்திருக்கும் நிறமிகள் வேறு வேறு. ஆகவே பல்பை முதலில் முடிவு செய்யச் சொன்னது. ஷேட் கார்டில் எல்.ஆர்.வி. என்றொரு எண் இருந்தால் அதையும் பார்க்கச் சொன்னது. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது: கறுப்பு 0, வெள்ளை 100. ஒரே சன்னல் உள்ள அறை என்பதால் 60க்குக் கீழே போக வேண்டாம் என்றது. நியாயமான பேச்சு.

ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "இந்தச் சேர்க்கை நன்றாக இருக்கிறதா?" என்றால் அருமை, அற்புதம் என்று ஜால்ரா போடுகிறது. "இதில் ஒன்றைத் தூக்க வேண்டும் என்றால் எதைத் தூக்குவாய், ஏன்?" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். கடுகு மஞ்சள் திரையைத் தூக்கச் சொன்னது. தரையும் தேக்கும் ஏற்கெனவே சூடான நிறங்கள், மூன்றாவதாக இதுவும் வந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது என்பது அதன் வாதம். என் கணவருக்கு அந்தத் திரை என்றால் உயிர். நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும். இப்போது யாரோடு சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. உரையாடல் நீண்டால் தேக்கு அலமாரியை மறந்துவிடுகிறது, மாற்ற முடியாதவற்றின் பட்டியலைத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டியிருந்தது. ஒருமுறை அது தந்த ஷேட் எண் கார்டிலேயே இல்லை. படமோ தனிக்கதை. என் அறையைத்தான் கொடுத்தேன். வந்ததில் சன்னல் பெரிதாகியிருந்தது, தரை வெளுத்திருந்தது, எங்கிருந்தோ மாலை வெயில் வந்து விழுந்தது. அந்த வெயிலில் எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும்! போதாததற்கு, புகைப்படம் எடுக்கும்போதே போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடுகிறது. ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்து, அதை வெள்ளையாக வைத்துப் பார்க்கச் சொன்னால் கொஞ்சம் தேவலை.

வீட்டுக்கு நிறம் தேடுபவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், எழுத்தில் கேளுங்கள். படத்துக்காகச் சந்தா கட்ட நினைத்தால், அந்தப் பணத்தில் இரண்டு சாம்பிள் டப்பா வாங்கிப் பெரிய அட்டையில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு தரைக்குப் பக்கத்தில் பகலிலும் இரவிலும் நிறுத்திப் பாருங்கள்.