சேகா எஸ்சி-3000, கொலிகோ ஆடம்: ஒரே சிப்கள், வேறு வேறு கணினிகள்

கேம் கன்சோலின் கார்ட்ரிட்ஜை (கேம் பதிந்த சிறு பெட்டியை) அப்படியே செருகி விளையாடக்கூடிய வீட்டுக் கணினிகள் 1983-இல் இரண்டு வந்தன. ஜப்பானில் சேகாவின் எஸ்சி-3000, அமெரிக்காவில் கொலிகோவின் ஆடம். முதலாவது சேகாவின் எஸ்ஜி-1000 கன்சோலின் கேம்களை ஓட்டும், இரண்டாவது கொலிகோவின் கொலிகோவிஷன் கன்சோலின் கேம்களை. இரண்டையும் இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

உள்ளே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 வகைச் செயலி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 9918 குடும்பத்து வீடியோ சிப், 16 கிலோபைட் வீடியோ நினைவகம், எஸ்என்76489 ஒலி சிப். இரண்டு கன்சோல்களும் அவ்வளவு நெருக்கம் என்பதால், இரண்டின் கார்ட்ரிட்ஜ்களையும் ஏற்கும் டினா என்ற கருவியைத் தைவானின் பிட் கார்ப்பரேஷன் பின்னர் செய்தது. வன்பொருளில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, வடிவமைத்தவர்களின் முடிவுகள்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

எஸ்சி-3000-இல் சேகா எல்லாவற்றையும் ஒரே ஸ்லாட்டில் விட்டது. நிரல் எழுதும் பேசிக் மொழிகூடக் கணினிக்குள் இல்லை. அதுவும் ஒரு கார்ட்ரிட்ஜ்தான். கணினியின் சொந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். மீதி பேசிக் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து வரும். பெரிய கார்ட்ரிட்ஜில் 32 கிலோபைட். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படுகிறது. விளையாட மட்டும் வாங்குபவர் கூடுதல் நினைவகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். 29,800 யென் விலையை அப்படித்தான் தர முடிந்தது. எழுதிய நிரலைச் சாதாரண கேசட்டில் சேமிக்கலாம். ஏற்கெனவே எஸ்ஜி-1000 வைத்திருப்பவர் எஸ்கே-1100 கீபோர்டை மட்டும் வாங்கி இணைத்தால் போதும். எஸ்சி-3000-இன் ரப்பர் விசைகள்தான் பெரிய குறை. அதைச் சரிசெய்ய எஸ்சி-3000எச் வந்தது. வட்டு வேண்டுமென்றால் எஸ்எஃப்-7000 என்ற பெட்டி: 3 அங்குல ஃபிளாப்பி, 64 கிலோபைட் நினைவகம்.

கொலிகோ நேர் எதிர். மொத்தக் குடும்பத்துக்கும் தேவையானதை ஒரே பெட்டியில் அடைத்தது: 64 கிலோபைட் நினைவகம், நல்ல கீபோர்டு, டேப் டிரைவ், டெய்சி வீல் பிரிண்டர் (எழுத்துகள் பொறித்த சக்கரத்தால் அச்சிடுவது). சுவிட்சைப் போட்டதும் தட்டச்சுப் பொறியாக வேலை செய்யும். ஒரு விசையை அழுத்தினால் ஸ்மார்ட்ரைட்டர் என்ற எழுத்துச் செயலி. கேமுக்குத் தனி ரீசெட், கணினிக்குத் தனி ரீசெட். ஏறத்தாழ 700 டாலருக்கு இத்தனையும் கிடைத்தது பெரிய விஷயம். கடிதமும் பள்ளிக் கட்டுரையும் அச்சிட நினைத்த வீட்டுக்கு எஸ்சி-3000 இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் கணினிக்கான மின்சாரமே பிரிண்டருக்குள் இருந்துதான் வந்தது. பிரிண்டர் பழுதானால் கணினியும் அவுட். அடுத்தது டேப். பேசிக் மொழியையே டேப்பிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அந்த டேப், டிரைவுக்குள்ளோ பக்கத்திலோ இருக்கும்போது கணினியை ஆன் செய்தால், கிளம்பும் மின்காந்த அலை பதிவை அழித்துவிடக்கூடும். கடையில் வாங்கும் கேசட்டும் இதற்குச் சரிவராது. துளைகள் வேறு இடத்தில் உள்ள, முன்கூட்டியே ஃபார்மட் செய்த டேட்டா பேக் வேண்டும். குழந்தைகள் கை வைக்கப்போகும் ஒரு கருவியில் இதை எப்படி அனுமதித்தார்கள் என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பழுதாகித் திரும்பி வந்தவை ஏராளம். 1985 ஜனவரியில் கொலிகோ ஆடமைக் கைவிட்டது.

சேகாவும் சொந்த ஊரில் ஜெயிக்கவில்லை. எஸ்சி-3000 வந்த அதே 1983 ஜூலை 15 அன்றுதான் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கன்சோலும் வந்தது. அப்புறம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நியூசிலாந்தில் கிராண்ட்ஸ்டாண்ட் நிறுவனம் விற்ற எஸ்சி-3000 நன்றாக வேரூன்றியது. பயனர் குழுக்கள் உருவாகின.

நிரல் எழுதிப் பழக எஸ்சி-3000-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். கேம்களுக்கு ஆடம் பக்கம்தான் பலம்: கொலிகோவிஷனின் 'டாங்கி காங்' எஸ்ஜி-1000-க்கு வரவே இல்லை. இன்று பழைய ஆடம் வாங்குபவர்கள், பிரிண்டர் இல்லாமலே ஓட்ட ஆர்வலர்கள் செய்துதரும் மாற்று மின்வழங்கியையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.