தாவோஸா, ஸ்குவோலா: மலையூரில் குடியேறும் வெளிநாட்டவருக்கு எது பொருந்தும்?

சுவிட்சர்லாந்தின் கிராவுபூண்டன் மாநிலத்தில் வேலையும் அனுமதியும் கிடைத்து மலையூர் ஒன்றில் குடியேற நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, கடல்மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் சுமார் 11,000 பேர் வாழும் தாவோஸ். மற்றது, கீழ் எங்கடின் பள்ளத்தாக்கில் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில், ஐந்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஸ்குவோல். இரண்டும் ஒரே மாநிலத்தில் இருப்பதால் பதினான்கு நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்வது, மூன்று மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுப்பது போன்ற விதிகளில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு ஊரின் இயல்பில் இருக்கிறது. அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்குப் பளிச்சென்று தெரியும் இந்த வேறுபாடு, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் எவருக்கும் தெரிவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். தாவோஸ் பெரிய ஊர், அதனால் சூரிச்சுக்கு அருகில் இருக்கும் என்றும், ஸ்குவோல் நாட்டின் ஒதுக்குப்புறத்தில் கிடக்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் 2,383 மீட்டர் உயர ஃப்ளூயெலா கணவாய் குளிர்காலத்தில் மூடப்படும் என்பதும், அந்தக் காலத்தில் ஸ்குவோல்காரர்கள் வெளியே வர நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் 1999 நவம்பரில் 19 கிலோமீட்டர் நீளமுள்ள வெரெய்னா ரயில் சுரங்கம் திறந்த பிறகு அந்த நிலை மாறிவிட்டது. இன்று இரண்டு ஊர்களிலிருந்தும் லாண்ட்குவார்ட் வழியாக ரயிலில் சூரிச் போக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான் ஆகிறது. தமிழ்க் கடைகளும் பெரிய கோயில்களும் சமவெளி நகரங்களில் இருப்பதால் விடுமுறை நாளில் இறங்கிப் போக நினைக்கும் குடும்பங்களுக்கு, தூரத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

தாவோஸைப் பொறுத்தவரை, அந்த ஊர் இன்றிருக்கும் வடிவத்தை அதற்குக் கொடுத்தவர்களே வெளிநாட்டவர்கள்தான். ஜெர்மனியின் பாடன் பகுதியில் 1849-இல் நடந்த கிளர்ச்சி தோற்றதும் அகதியாகத் தப்பி வந்து, சூரிச்சில் மருத்துவம் படித்து, 1853-இல் அந்த மலைக் கிராமத்துக்கு மருத்துவராக வந்தவர் அலெக்சாண்டர் ஷ்பெங்லர். அங்குள்ளவர்களிடம் காசநோய் காணப்படாததைக் கவனித்து, மலைக்காற்றையே சிகிச்சையாக்கியவர் அவர். நோயுற்ற மனைவியை அங்கே அழைத்து வந்த ஹோல்ஸ்போர் என்ற டச்சுக்காரர், 1890-இல் தாவோஸ் வரை வந்து சேர்ந்த ரயில் பாதைக்கு முன்னின்று உழைத்தார். புதிதாக வருபவரை ஏற இறங்கப் பார்க்காத பழக்கம் அந்த ஊருக்கு அப்போதிருந்தே வந்தது என்று நான் நம்புகிறேன். உணவகச் சமையலறை, விடுதி, மருத்துவமனை, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் என்று வேலைக்கு வழிகள் பல இருக்கின்றன. அரைகுறை ஜெர்மன் பேசினாலும் கடைக்காரர் பொறுமையாகக் காத்திருப்பார், ஆங்கிலம் பேசினாலும் முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. ஏப்ரலில் பனிச்சறுக்குக் காலம் முடியும் வாரத்தில் தாவோஸ் பிளாட்ஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் அது புரியும். ஐந்து மாதம் ஒரே சமையலறையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள் பெட்டிகளோடு நடைமேடையில் கட்டிப்பிடித்து விடைபெறுவார்கள். விடுதிகளின் சன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். டிசம்பரில் திரும்பி வருபவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. ஊர்க்காரர்களும் இதற்குப் பழகிவிட்டார்கள். வந்தவரை அன்போடு வரவேற்கிறார்கள், ஆனால் அவர் தங்குவார் என்று எதிர்பார்ப்பதில்லை. தனியாளாக வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பாதித்துச் சமவெளிக்கு இறங்கும் எண்ணமுள்ளவருக்கு இது குறையே அல்ல. அண்டை வீட்டாரைத் தேடுபவருக்கு இது நாளடைவில் வலிக்கும்.

வீட்டுச் சிக்கல் இரண்டு ஊருக்கும் பொது. 2012 மார்ச்சில் நடந்த பொது வாக்கெடுப்பில், விடுமுறை வீடுகள் ஓர் ஊரின் மொத்தக் குடியிருப்புகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற முடிவு நூலிழையில் வென்றது, அதற்கான சட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்கட்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயினும் அந்த வாக்கெடுப்புக்கு முன்பே கட்டிய வீடுகளை உரிமையாளர்கள் விடுமுறை வீடாக மாற்றிக்கொள்ளத் தடையில்லாததால், வாடகைக்கு இருந்த பழைய வீடுகள் பல கைநழுவிப் போயின. தாவோஸில் இதற்கு மேல் ஜனவரியில் உலகப் பொருளாதார மன்றம் கூடும் வாரமும் சேர்ந்துகொள்கிறது, அந்த ஒரு வாரத்துக்கு வீட்டு வாடகை தலைகால் தெரியாமல் ஏறும். வேலை தருபவர் தங்க இடமும் தருகிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் இந்த இரண்டு ஊர்களில் எதற்கும் பெட்டியைத் தூக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி மொழி. என் பார்வையில் இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பதே இதுதான். தாவோஸில் ஜெர்மன், ஸ்குவோலில் ரொமான்ஷ். ஏறத்தாழ 60,000 பேர் மட்டுமே பேசும், 1938-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நாட்டின் நான்காவது தேசிய மொழியாக ஏற்கப்பட்ட ரொமான்ஷின் வல்லாதெர் வழக்கு அங்கே தெருவிலும் பள்ளியிலும் உயிரோடு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் பாடங்கள் ரொமான்ஷில்தான் நடக்கின்றன, ஜெர்மன் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. இதைக் கேட்டதும் நம் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. எங்கேயும் உதவாத ஒரு மொழியில் பிள்ளை ஏன் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை நான் ஏற்கவில்லை. சிறிய மொழி ஒன்றைக் காப்பாற்ற ஓர் ஊர் முழுவதும் எடுக்கும் பாடு என்ன என்பதைத் தமிழ்க் குடும்பத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வகுப்பறையில் வந்து உட்காரும் வெளிநாட்டுப் பிள்ளை, அந்த மொழியைப் பேசும் இன்னொரு வாயாகவே பார்க்கப்படுகிறது.

மார்ச் முதல் நாள் காலையில் ஸ்குவோல் தெருவில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். சலாந்தமார்ஸ் என்னும் அந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் நீல மேற்சட்டையும் சிவப்புத் தொப்பியும் அணிந்து, தோல்வாரில் கட்டிய மாட்டுமணிகளை ஆட்டி ஒலித்தபடி ஊர் நீரூற்றுகளைச் சுற்றிப் பாடிக்கொண்டு குளிர்காலத்தை விரட்டுவார்கள். பாடல் முழுவதும் ரொமான்ஷில். நேற்று வந்த பிள்ளையின் கையிலும் ஒரு மணி இருக்கும், பாடலின் சொற்கள் வகுப்பிலேயே மனப்பாடமாகியிருக்கும். தாவோஸில் பல ஆண்டுகள் இருந்தாலும் இப்படி ஊரோடு சேர்ந்து நடக்கும் ஒரு காலைப்பொழுது அவ்வளவு எளிதில் வாய்க்காது.

பெரியவர்களுக்கோ ஸ்குவோல் கடினமான ஊர். வேலைவாய்ப்பு குறைவு, வெந்நீர்க் குளியலகம், சில விடுதிகள், மருத்துவமனை, பண்ணைகள் என்பதோடு முடிந்துவிடுகிறது. வயது வந்தவர்கள் எல்லாருக்கும் ஜெர்மன் தெரியும் என்பதால் அன்றாட வாழ்க்கை தடைப்படாது, ஆனால் கூடியிருப்பவர்கள் தங்களுக்குள் ரொமான்ஷுக்குத் திரும்பும்போது நாம் சும்மா நிற்க நேரும். குடியுரிமைக்கு நாட்டில் பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் மட்டும் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். 2018 முதல் தேசிய மொழி ஒன்றில், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி பி1 (இடைநிலை) அளவுக்குப் பேச்சும் ஏ2 (அடிப்படை) அளவுக்கு எழுத்தும் தேவை. பின்னாளில் சமவெளிக்கு இறங்கக்கூடியவர் ஜெர்மனைக் கைவிட முடியாது, ஆகவே ஸ்குவோலில் பெற்றோர் இரண்டு மொழிச் சுமையைச் சுமக்கிறார்கள்.

மருத்துவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு ஊரிலும் மருத்துவமனை உண்டு, சிக்கலான நோய்க்கு மாநிலத் தலைநகர் கூர் போக வேண்டும், அது தாவோஸுக்குச் சற்று அருகில். குளிர்காலம் தாவோஸில் நீளம், பனியும் அதிகம்.

ஆகவே பள்ளி வயதுப் பிள்ளையோடு வந்து பத்தாண்டாவது தங்கும் எண்ணமுள்ள குடும்பத்துக்கு, வேலை உறுதியாகக் கிடைத்தால், நான் ஸ்குவோலைத்தான் சொல்வேன். தனியாளுக்கும், இரண்டாண்டில் வேறிடம் போகலாம் என்று நினைப்பவருக்கும் தாவோஸ். இரண்டாண்டில் கிளம்பப் போகிறவர் பிள்ளையை ரொமான்ஷ் பள்ளியில் சேர்த்துப் பாதியில் பிடுங்கி எடுப்பது பிள்ளைக்கு நல்லதல்ல. முடிவெடுக்கும் முன் விடுதிகள் பல மூடிக் கிடக்கும் நவம்பரில் ஒருமுறை இரண்டு ஊருக்கும் போய் வாருங்கள். சுற்றுலாப் பயணி இல்லாத அந்த வாரத்தில் ரொட்டிக் கடையில் யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், உங்களைக் கண்டதும் பேச்சைத் தொடர்கிறார்களா நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். ஸ்குவோலில் கடைக்குள் நுழையும்போது ரொமான்ஷில் "பூன் தி" (வணக்கம்) என்று சொல்லிப் பாருங்கள்.